முக்காலி படிப்பித்த பாடம்

முக்காலி என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் பலரின் மனக்கண் முன் தோன்றுவது அடுக்களையிலோ திண்ணையிலோ கிடக்கும் சிறிய மர இருக்கையே. இக்கட்டுரையிற் பேசப்படுவது அதுவன்று. ஒளிப்படம் எடுப்போரும் வீடியோப் பதிவு செய்வோரும் தம் கமராவை ஏற்றி நிறுத்தும் மூன்றுகால் தாங்கியையே இங்கு முக்காலி என்கிறேன். கடைகளில் 'ரைபொட்' என்றோ 'ஸ்ராண்ட்' என்றோ கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். எனினும் இரண்டு முக்காலிகளுக்கும் அடிப்படை ஒன்றே. நாற்காலியின் கால் ஒன்று சற்றுக் குறைந்தாலும் அது ஆடும். காகிதத்தை மடித்து அதன் கீழ்ச் செருகி விரிவுரை கேட்டிராத மாணவர் நம்முள் எவரும் இலர். முக்காலிக்கு அத்தொல்லை இல்லை. ஒரே நேர்கோட்டில் அமையாத எந்த மூன்று புள்ளிகளின் ஊடாகவும் ஒரு தளம் செல்லும் ஆதலின், மேடுபள்ளமான தரையிலும் அதன் மூன்று கால்களும் ஒருங்கே ஊன்றி நிற்கும். கேத்திரகணிதம் படியாத நம் பாட்டிமாரும் அடுப்புக்கு மூன்று கற்களையே வைத்தனர். நான்காவது கல்லைத் தேடிச் செல்லவில்லை.

இத்துணை எளிய பொருளைத் தெரிவு செய்வதில் ஆராய என்ன இருக்கிறது என்று எண்ணியிருந்தவர்களுள் நானும் ஒருவன். அவ்வெண்ணத்துக்குரிய விலையை நான் மட்டுமன்றி, என்னை நம்பி இடங்கொடுத்த ஒரு குடும்பமும் கொடுக்க நேர்ந்தது. அதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

2012ஆம் ஆண்டு. நான் அப்போது பேராதனையில் இரண்டாம் வருட மாணவன். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் இங்கு மாணவரைக் கொண்டு கூத்துக்குப் புத்துயிர் அளித்தமை பற்றியும், அப்போது மேடையேறிய 'இராவணேசன்' பற்றியும் கேட்டும் வாசித்தும், கூத்தை அது பிறந்த மண்ணிலேயே காணவேண்டும் என்னும் ஆவல் எங்களுக்கு மேலிட்டிருந்தது. வகுப்புத் தோழர் ஒருவர் மட்டக்களப்புப் படுவான்கரையைச் சேர்ந்தவர். தம் ஊரில் வடமோடிக் கூத்தொன்று அரங்கேறவிருப்பதாக அவர் கூறினார். அதனைப் பழக்கிய அண்ணாவியார் எண்பது வயதை அண்மித்தவர். இதுவே தாம் பழக்கும் கடைசிக் கூத்து என்று சொல்லியிருந்தார். அரங்கேற்ற இரவில் ஒரு வரவுக்குத் தாமே ஆடுவதாகவும் ஊராருக்கு வாக்களித்திருந்தார். அதனைப் பதிவு செய்தே தீருவது என்று நாங்கள் நால்வர் முடிவு செய்தோம்.

கமரா எளிதிற் கிடைத்தது. நண்பர் ஒருவரின் மாமா கனடாவிலிருந்து கொண்டுவந்தது, வில்லையும் தரமானது. எஞ்சியது முக்காலி. கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில், கமராவின் விலையில் முப்பதில் ஒரு பங்கும் வராத பணத்துக்கு ஒன்றை வாங்கினோம். நீட்டினால் ஆளுயரத்துக்கு எழுந்தது. மடித்தால் பைக்குள் அடங்கியது. தூக்கினால் பாரமே தெரியவில்லை. அந்தப் பாரமின்மையைப் பெருஞ்சிறப்பாகக் கருதி மகிழ்ந்தோம். கடைக்காரர் எங்களை ஏமாற்றினார் என்று கூறமாட்டேன். நாங்கள் அவரிடம் விலையைத் தவிர வேறு எதனையும் கேட்கவில்லை.

களரி வட்டமாக மண் அணைத்து உயர்த்தப்பட்டிருந்தது. நாற்புறமும் சனக்கூட்டம். தலைகள் மறைக்கும் என்று அஞ்சி, தகரப் பீப்பாக்களின் மேற் பலகைகளைப் பரப்பி ஒரு பரண் அமைத்து, அதன்மேல் முக்காலியை நிறுத்தினோம். போதாக்குறைக்கு அதன் நடுத்தண்டையும் இயன்றமட்டும் மேலே உயர்த்தினோம். மத்தளம் முழங்கியது, கட்டியக்காரன் வந்தான், கூத்துத் தொடங்கிற்று.

தொடங்கிய சிறிது நேரத்திலேயே குறைகள் ஒவ்வொன்றாய் வெளிப்படலாயின. பரணில் யாரேனும் காலை மாற்றி வைத்தாற்கூடப் படம் அதிர்ந்தது. வாவிப் பக்கமிருந்து காற்று வீசியபோதெல்லாம் நடுத்தண்டின் உச்சியிலிருந்த கமரா நாணல் போல் அசைந்தது. ஆட்டக்காரர் களரியைச் சுற்றி எட்டுப் போட்டு ஆடுகையில் அவரைத் தொடர்ந்து கமராவைத் திருப்ப முயன்றால், தலைப்பகுதி முதலில் இறுகி நின்று பின்னர் திடீரென்று துள்ளியது. எல்லாவற்றிலும் பெரிய கேடு வேறொன்று. முக்காலியின் தலை நெகிழிப் பொருளால் ஆனது. முன்பாரம் மிக்க வில்லையைத் தாங்க மாட்டாமல், எவ்வளவு இறுக்கினும் அது மெல்ல மெல்லக் கீழ்நோக்கிக் கவிழ்ந்தது. மணிக்கூட்டின் பெரிய முள் நகர்வது போன்ற அசைவு அது. பார்த்துக்கொண்டிருப்பவன் கண்ணுக்குத் தெரியாது.

நள்ளிரவு கழிந்து அண்ணாவியார் கரப்பு உடுப்பும் சதங்கையும் அணிந்து களரிக்கு வந்தார். ஊரே எழுந்து ஆரவாரித்தது. அவர் ஆடியது ஏறக்குறைய இருபது நிமிடங்கள். அந்த இருபது நிமிடங்களும் நாங்கள் நால்வரும் கமராவை மறந்து அவரையே பார்த்து நின்றோம் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ள வேண்டும். இடையில் முக்காலியின் ஒரு காலின் பூட்டு நழுவிக் கமரா ஒருபுறம் சாய்ந்தபோதுதான் விழித்துக்கொண்டோம். நண்பர் பாய்ந்து பிடித்தார். அதன் பின் எஞ்சிய ஆட்டம் முழுவதும் அவருடைய கைந்நடுக்கத்துடனேயே பதிவாயிற்று.

மறுநாட் காலை அண்ணாவியார் வீட்டுத் திண்ணையில், கமராவின் சிறு திரையில் அதனை அவருக்குக் காட்டினோம். கண்ணைச் சுருக்கிச் சிறிது நேரம் பார்த்தவர், வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "என்ன மனே, ஆடினது நான்தானே! உங்கட பெட்டியும் சேர்ந்தல்லோ ஆடியிருக்கு!" என்று சொல்லிச் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அடுத்த முறை ஒழுங்காக எடுப்போம் என்று சொல்லி விடைபெற்றோம்.

அடுத்த முறை வரவில்லை. 2013இல் அவர் காலமானார். அந்தியேட்டி கழிந்தபின், எங்கள் பதிவின் பிரதியொன்றை அவர் வீட்டுக்குக் கொண்டு சென்றோம். அவர் ஆடியதற்கு அதைத் தவிர வேறு பதிவு எவரிடமும் இல்லை என்பது அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. குடும்பத்தார் கூடியிருந்து பார்த்தனர். கவிழ்ந்த தலையின் பயனாகத் திரையில் தெரிந்தது சதங்கை கட்டிய காலும் இடுப்பும் மார்பும் மாத்திரமே. கழுத்துக்கு மேல் இல்லை. அவருடைய மகள், "இது அப்பாட கால்தான் தம்பி, எங்க கண்டாலும் எனக்குத் தெரியும். முகத்த ஒருக்காக் காட்டுங்க" என்றார். நான் முன்னும் பின்னும் ஓட்டித் தேடினேன். தொடக்கத்தில் ஒரு சில செக்கன்கள் முகம் இருந்தது. அதுவும் அதிர்வில் மங்கியிருந்தது. அதனை நிறுத்திக் காட்டினேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை.

பேராதனைக்குத் திரும்பியதும் பொறியியற் பீடத்து நண்பர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். அவர் கேட்ட முதற் கேள்வி, "ஏன் பலகையில் வைத்தீர்கள்?" என்பதே. நில அளவைப் பயிற்சிக்காகத் தாம் தியோடலைற்றைச் சுமந்து செல்லும் முக்காலியை அவர் எனக்குக் காட்டினார். பாரமான மரக் கால்கள். நுனியில் இரும்பு முனை. முனைக்கு மேலே மிதிப்பதற்கு ஒரு சிறு தட்டு. தரையில் ஊன்றிக் காலால் மிதித்து மண்ணுக்குள் இறக்கிய பின்னரே கருவியை அதில் ஏற்றுவார்களாம். நடுத்தண்டு அதில் இல்லை. அளவைக் கருவி ஒரு கலை சாய்ந்தாலும் கணக்குப் பிழைத்துவிடும் என்பதை அறிந்தவர்கள் ஆக்கிய பொருள் அது. கமராவுக்கும் அதே கணக்குத்தான் என்று அவர் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினார். கமரா கால் பாகை சாய்ந்தால், 20 மீற்றர் தொலைவில் அது நோக்கும் இடம் ஏறத்தாழ 9 சென்ரிமீற்றர் விலகிவிடும். நான்கு பாகை கவிழ்ந்தால் ஏறத்தாழ 1.4 மீற்றர். அண்ணாவியாரின் முகம் எவ்வாறு மறைந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

அதன் பின்னர்தான் முக்காலியைப் பற்றிச் சிந்திக்கலானேன். ஒளிப்படக் கலை தோன்றிய காலத்தில் அசையாத தாங்கி இன்றிப் படமே இல்லை. 1838இல் தகேர் பாரிஸ் நகரின் வீதியொன்றை மேலிருந்து எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஒளிபடவேண்டிய நேரம் பல நிமிடங்களாக இருந்தமையால், அவ்வீதியிற் சென்ற வண்டிகளும் மனிதரும் தடயமின்றி மறைந்து போயினர். சப்பாத்து மினுக்குவதற்காகக் காலை நீட்டி ஓரிடத்தில் நின்ற ஒருவரே தெளிவாக எஞ்சினார். 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறி 1879இல் இங்கேயே காலமான யூலியா மார்கரெற் கமரோன் அம்மையார், கண்ணாடித் தட்டுகளில் மனித முகங்களைப் பதிந்தவர். அவருடைய பெட்டிக் கமராவைக் கையிற் பிடித்துப் படமெடுத்தல் நினைத்தும் பார்க்கவியலாதது. அமர்ந்தவரும் அசையக்கூடாது, கமராவும் அசையக்கூடாது என்பதே அக்காலத்து விதி.

இன்று நிலை மாறிவிட்டது. இருளிலும் படமெடுக்கும் உணரிகளும், கைந்நடுக்கத்தை ஈடுசெய்யும் பொறிமுறைகளும் கைத்தொலைபேசியிலேயே வந்துவிட்டன. எனவே முக்காலி பழங்காலத்துச் சுமை என்று கருதுவோர் உளர். பகலொளியில் ஒரு முகத்தை எடுப்பதற்கு அவர்கள் கூறுவது சரியே. ஆயின் வில்லையின் குவியத்தூரம் கூடக் கூட நடுக்கமும் பெருகும். 35 மில்லிமீற்றர்ப் படச்சுருள் காலத்திலிருந்து வழங்கிவரும் ஒரு விதிப்படி, 200 மில்லிமீற்றர் வில்லையைக் கையிற் பிடித்து எடுக்க 1/200 செக்கனோ அதனினும் குறைந்த நேரமோ வேண்டும். இரவில் விளக்கொளியில் அது எப்போதும் வாய்ப்பதில்லை. வீடியோவிலோ, அசைவு மங்கலாக மட்டுமன்றி அசைவாகவே கண்ணுக்குத் தெரியும். அரைமணி நேரம் கமராவைக் கையில் ஏந்தி நிற்பவனின் களைப்பை எந்தப் பொறிமுறையும் முற்றாக ஈடுசெய்யாது. மேலும், ஏட்டுச்சுவடிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே உயரத்தில், ஒரே ஒளியில் படமாக்க வேண்டிய ஆய்வு மாணவனுக்கும், மங்கிய கல்வெட்டுக்குப் பக்கவாட்டில் ஒளியைப் பாய்ச்சி எழுத்தைத் தேடுபவனுக்கும் மூன்றாவது கை ஒன்று வேண்டியிருக்கிறது. அக்கை முக்காலியே.

அவ்வாறாயின் நல்ல முக்காலியைத் தெரிவு செய்வது எங்ஙனம்? நான் பட்டறிந்தும் கேட்டறிந்தும் கொண்டவற்றைச் சொல்கிறேன்.

கடைக்குச் செல்லுமுன், எதனை, எங்கே, எவ்வளவு நேரம் எடுக்கப்போகிறோம் என்பதைத் தீர்மானித்தல் வேண்டும். பாரமின்மை, உறுதி, மலிவு ஆகிய மூன்றும் ஒரு முக்காலியில் ஒருங்கே அமைவதில்லை. இரண்டைப் பெற விரும்புவோர் மூன்றாவதை விட்டுக்கொடுத்தேயாக வேண்டும். அந்தானை மலையில் ஏறிக் காலைப் பனியைப் படமெடுப்பவன் பணத்தைச் செலவிட்டுப் பாரத்தைக் குறைக்கலாம். கூத்துக் களரிக்குச் செல்பவன் பாரத்தைச் சுமந்து பணத்தைச் சேமிக்கலாம். நாங்களோ பாரமின்மையையும் மலிவையும் எடுத்துக்கொண்டு உறுதியை இழந்தோம்.

கால்கள் பெரும்பாலும் அலுமினியத்தால் அல்லது காபன் நாரினால் ஆனவை. காபன் நார் பாரம் குறைந்தது; அதிர்வையும் விரைவில் அடக்குவது; விலையோ பன்மடங்கு. அலுமினியம் சற்றுப் பாரமாயினும் மாணவன் கைக்கு எட்டக்கூடியது. மரம் அதிர்வை நன்கு விழுங்கும், சுமப்பதுதான் கடினம். எப்பொருளாயினும் காலின் துண்டுகளை எண்ணிப் பார்த்தல் நன்று. மூன்று துண்டுக் கால், ஐந்து துண்டுக் காலினும் மடித்தபோது நீளமாயினும் நின்றபோது உறுதியானது. துண்டு கூடக்கூடக் கடைசித் துண்டு மெலிந்து கம்பி போலாகிவிடும். நீட்டும்போதும் தடித்த துண்டுகளை முதலில் நீட்டி, மெல்லியவற்றைத் தேவை ஏற்பட்டால் மட்டுமே நீட்டுதல் வேண்டும்.

உயரத்தை நடுத்தண்டைத் தாழ்த்தியே அளத்தல் வேண்டும். ஐந்தடி ஆறங்குல உயரமுள்ள ஒருவரின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ 155 சென்ரிமீற்றரில் இருக்கும். தலைப்பகுதியும் கமராவும் சேர்ந்து 15 முதல் 20 சென்ரிமீற்றர் வரை எடுத்துக்கொள்ளும். ஆகவே கால்கள் 135 முதல் 140 சென்ரிமீற்றர் வரை தாமாகவே எழுமாயின் அவருக்குப் போதும். நடுத்தண்டை முழுமையாக உயர்த்துவது, மூன்று காலின் மேல் ஓர் ஒற்றைக் காலை நிறுத்துவதற்கு ஒப்பாகும். சுவடிகளுக்கு மேலாகக் கமராவைக் கவிழ்த்து நிறுத்த விரும்புவோருக்கு, படுக்கையாகத் திருப்பக்கூடிய நடுத்தண்டு பயன்படும். ஆயினும் அப்போது கமராவின் பாரம் மூன்று கால்களும் அடைக்கும் முக்கோணத்துக்கு வெளியே செல்லாதவாறு ஒரு காலை அத்திசையில் வைத்தும், மறுபுறம் பாரம் தொங்கவிட்டும் காத்தல் வேண்டும்.

பூட்டுகள் இருவகை. கொளுவியைத் தட்டி இறுக்குவன ஒருவகை. முறுக்கி இறுக்குவன மறுவகை. முன்னையவை பூட்டியதா இல்லையா என்பதைக் கண்ணாலேயே காட்டும். பின்னையவை எதிலும் சிக்காதவை. ஆனால் மணல் புகுந்தால் கரகரக்கும். எதுவாயினும் நீட்டிப் பூட்டிய பின், தலைமீது கையை வைத்து உடற்பாரத்தின் ஒரு பங்கைப் படிப்படியாக இறக்கிப் பார்த்தால் நழுவும் பூட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். எங்கள் பூட்டைக் கடையிலேயே இவ்வாறு சோதித்திருந்தால் அரை நிமிடத்தில் உண்மை தெரிந்திருக்கும். அடிப்பாதம் சீமெந்துத் தரைக்கு இறப்பரும் மண்ணுக்கு இரும்பு முனையுமாக மாற்றத்தக்கதாயின் சிறப்பு.

கால்களிலும் கூடிய கவனத்தைத் தலைக்குக் கொடுத்தல் வேண்டும். தரமான முக்காலிகளில் காலையும் தலையையும் தனித்தனியே வாங்கலாம். நிலைப்படம் எடுப்போர் பலர் விரும்புவது பந்துத் தலை. ஒரே பிடியைத் தளர்த்தி எத்திசையிலும் திருப்பி இறுக்கலாம். கட்டடங்களையும் சுவடிகளையும் எடுப்போருக்கு, மூன்று அச்சுகளிலும் தனித்தனிப் பிடியுள்ள தலை உகந்தது. ஒன்றைத் திருத்தும்போது மற்றவை கலையமாட்டா. வீடியோவுக்கு இவை இரண்டும் போதா. அதற்குரியது திரவத் தலை எனப்படுவது. உள்ளே இருக்கும் பிசுக்கான திரவம் அசைவை ஒரே சீராகத் தடுப்பதால், கமரா துள்ளாமல் வழுக்கிச் செல்லும். ஆட்டக்காரரைத் தொடர எங்களுக்கு வேண்டியிருந்தது இதுவே. வெறும் உராய்வால் இயங்கும் மலிவான தலைகளுக்கும் அதே பெயரைச் சூட்டி விற்பதுண்டு; பெயரை நம்பாமல், கமராவை ஏற்றி ஒரு விரலால் கைப்பிடியைத் தள்ளிப் பார்த்தல் வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் துள்ளாததே உண்மையான திரவத் தலை.

தாங்கும் பாரம் இவ்வளவு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். அதனை அளப்பதற்கு எல்லா நிறுவனங்களும் ஏற்ற பொதுமுறை எதுவும் இல்லை. எனவே கமராவும் வில்லையும் சேர்ந்து 2 கிலோகிராம் எனின், 4 கிலோகிராமுக்குக் குறையாத தலையையே நாடுதல் தகும். ஆயினும் இலக்கத்தை விடச் சோதனை மேலானது. சொந்தக் கமராவையும் வில்லையையும் கடைக்குக் கொண்டு செல்லுங்கள். பூட்டிய பின் திரையில் ஏதேனும் ஓர் எழுத்தைப் பெருப்பித்து வைத்துக் கையை எடுத்துவிட்டு, ஐந்து நிமிடம் கடைக்காரருடன் உரையாடுங்கள். எழுத்து இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பின் வில்லையை மெல்லத் தட்டி, அதிர்வு அடங்க எவ்வளவு நேரம் செல்கிறது என எண்ணுங்கள். ஓரிரு செக்கன்களில் அடங்குவது நன்று. ஊஞ்சல் போல் ஆடிக்கொண்டிருப்பதை அங்கேயே விட்டுவிடுங்கள். கமராவின் அடியிற் பொருந்தும் திருகாணி பெரும்பாலும் கால் அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 20 புரியும் உடையதாதலால், எந்த நிறுவனத்தின் தாங்கியும் எந்தக் கமராவுக்கும் பொருந்தும். ஆனால் அத்திருகாணியைத் தாங்கும் சிறு தட்டு ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறுபடலாம். அது தொலைந்தால் முக்காலி வெறும் கம்பிக் கட்டு; ஒன்றை மேலதிகமாக வாங்கி வைத்திருத்தல் அறிவுடைமை.

இவற்றையெல்லாம் அறிந்தபின், புதியதை வாங்கும் வசதி எங்களுக்கு இருக்கவில்லை. வடபகுதி நகரொன்றில் கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுத்துவந்த பெரியவர் ஒருவர் தொழிலை விட்டு வெளிநாட்டிலிருக்கும் மகனிடம் செல்வதாகக் கேள்வியுற்றுச் சென்றோம். அவருடைய அலுமினிய முக்காலியின் கறுப்பு வண்ணம் பல இடங்களில் தேய்ந்திருந்தது. தலையைத் திருப்பினேன், எண்ணெய் போல் வழுக்கியது. "கமரா நாலு மாத்திப்போட்டன் தம்பி. ஸ்ராண்ட் இதுதான்" என்றார் அவர். அதைக் கேட்டபோது, எங்கள் கணக்கு எவ்வளவு தலைகீழானது என்பது விளங்கிற்று. கமரா சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். நல்ல முக்காலியோ பல கமராக்களைத் தாங்கி ஓயும். நாங்களோ தேய்வதற்குப் பணத்தைக் கொட்டி, நிலைப்பதற்குச் சில்லறையை ஒதுக்கியிருந்தோம். சுவரின்றிச் சித்திரம் எழுதப் புறப்பட்டவர் கதைதான்.

2015இல் அதே ஊரில், அண்ணாவியாரின் பேரன் ஆடிய கூத்துக்குச் சென்றோம். இம்முறை பரண் கட்டவில்லை. களரியிலிருந்து சற்று விலகி இயல்பாகவே மேடான ஓரிடத்தைப் பகலிலேயே பார்த்து வைத்து, இரும்பு முனைகளை மண்ணில் மிதித்து இறக்கினோம். சரிவில் இரண்டு கால்கள் தாழ்ந்த பக்கத்திலும், ஒன்று மேற்பக்கத்திலும் நின்றன. நடுத்தண்டை உயர்த்தவில்லை. நீர்மட்டக் குமிழியைப் பார்த்துத் தலையைச் சமப்படுத்தினோம். மணல் நிரப்பிய பையொன்றை, காற்றில் ஊசலாடாதவாறு தரையைத் தொடும்படி கீழே கட்டினோம். கமராவின் நடுக்கம் போக்கும் பொறிமுறையை நிறுத்தி வைத்தோம். முக்காலியில் அது சிலவேளை தானே ஓர் அசைவை உண்டாக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் மாறி ஒருவர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல் இருப்பது என்று முறை வகுத்துக்கொண்டோம். எவ்வளவு நல்ல முக்காலியும் மறதியைத் தாங்காது. விடியும்வரை படம் அசையவில்லை. வீடு திரும்பியதும் கால்களைக் கழற்றி நன்னீரில் மணல் போகக் கழுவி நிழலில் உலர்த்தினேன். உவர்க்காற்றில் நின்ற முக்காலிக்கு இதனைச் செய்யாவிடிற் பூட்டுகள் விரைவிற் கெட்டுவிடும்.

அப்பதிவை அண்ணாவியாரின் மகளுக்குக் காட்டினோம். தன் மகனின் முகத்தைத் திரையில் நிறைவாகக் கண்டு மகிழ்ந்தார். பின்னர், "அப்பாட அந்தப் படமும் உங்களிட்ட இருக்குத்தானே, அழிச்சிராதீங்க" என்றார். அழிக்கவில்லை. இன்றும் இரண்டு இடங்களில் பாதுகாத்து வைத்திருக்கிறேன். பேரன் தன் பாட்டனின் காலாட்டத்தை அதிலிருந்தே பார்த்துப் பழகியதாக என்னிடம் கூறினான். அது எனக்கு ஓர் ஆறுதலே. எனினும் அம்முகம் அதில் இல்லை என்பது, எந்த ஆறுதலாலும் மாறப்போவதில்லை.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததையும், பின்னர் இடப்பெயர்வுகளில் எத்தனையோ வீடுகள் தம் முன்னோரின் படங்களை இழந்ததையும் அறிந்த நம்மவருக்கு, பதிவு என்பதன் அருமையை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. நம்மிடையே இன்னும் அண்ணாவிமார் இருக்கிறார்கள். கதை சொல்லும் பாட்டிமார் இருக்கிறார்கள். பெட்டகங்களில் ஏடுகள் கிடக்கின்றன. அவற்றைத் தேடிச் செல்லும் மாணவர் கையில் இன்று கமரா இல்லாமல் இல்லை. நம் தமிழ்ச் சங்கம் அடுத்த ஆண்டு வரவுசெலவிற் கருவி வாங்க ஏதேனும் ஒதுக்குமாயின், புதிய கமராவைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம். முதலில் பாரமான நல்ல முக்காலி ஒன்றை வாங்கி வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதுவரை வேண்டுவோர் என்னுடையதை இரவல் பெறலாம். திருப்பித் தரும்போது மணலைக் கழுவித் தந்தால் போதும்.